மேல்

சென்னையில் கப்பலேறிய மூன்றாம் நாள் பிற்பகல் ஹேடோ துறைமுகத்தில் இறங்கினேன். விமானம் என்றால் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துபோயிருக்கும். பங்க் கிளாஸ் படுக்கையில் உருண்டுகொண்டு வந்ததற்கு டிக்கெட் மலிவு என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி வீம்பு. ஏறக்குறைய 130 வருடங்களுக்கு முன் இந்தக் கடலைத் தாண்டி வந்த ஒரு தமிழ் உபதேசியாரின் சுவடு தேடிக் கிளம்பியிருந்தேன். அவர் வந்த வேகத்திலேயே நானும் வந்து சேர வேண்டும் என்று தோன்றிற்று.

ஆட்டோ மேடேறி அபர்டீன் பஜாருக்குள் நுழைந்தபோது மணி ஐந்தரைகூட ஆகவில்லை, அதற்குள் இருட்டு. கடிகாரம் டெல்லிக்குக் கட்டுப்பட்டது, சூரியன் அப்படியில்லை. நடுவில் மணிக்கூண்டு, முதல் உலகப் போரின் நினைவாக எழுப்பியது. அதைச் சுற்றி நாலாபுறமும் ஏற்ற இறக்கமாகத் தெருக்கள். முத்து மாலைக் கடை, சங்குக் கடை, செல்போன் கடை, ஜவுளிக்கடை, இட்லி மாவு விற்கும் பெட்டிக்கடை. ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போன ஸ்காட்லாந்து ஊர்ப் பெயருக்குள் வங்காளியும் மலையாளியும் தெலுங்கரும் பஞ்சாபியும் ராஞ்சிக்காரரும் நம்மவரும் கலந்து கிடக்கிறார்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. ஆனாலும் ஆட்டோக்காரரிடம் "அபர்டீன்" என்றால் போதும்.

அறையில் பையை வைத்துவிட்டு இறங்கினேன். மூலையில் ஒரு டீக்கடை. கடைக்காரர் ராமநாதபுரம் பக்கம். நான் வாயைத் திறந்ததுமே, "அண்ணாச்சி திருநெல்வேலியா?" என்றார். தீவில் அவருக்கு இது இருபத்தெட்டாவது வருடமாம். "மெயின்லேண்ட் ஆளுங்க ராதாநகர் பீச்சுக்கு வருவாங்க. நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டார்.

எதுக்கு வந்தேன் என்பதை ஒரு வாக்கியத்தில் சொல்ல எனக்கு வரவில்லை.

என் அப்பாவும் உபதேசியார்தான். திருநெல்வேலிச் சீமையின் கிராமச் சபைகளில் ஐயர், அதாவது குருவானவர், மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான் கோயில் மணியடிப்பவர், ஜெபம் செய்பவர், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பவர். அப்பாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வரப்புத் தகராறு, கல்யாணத் தகராறு என்று பேச்சு முறிந்துபோன வீடுகளுக்குப் போய் "சமாதானம் பேசுவது". எங்கள் பக்கத்தில் பகை என்றால் முதல் அடையாளம், அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாவு வீட்டுக்கு வருவார்கள், ஓரமாக நிற்பார்கள், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விடுவார்கள். அப்பா இரண்டு தரப்பையும் உட்காரவைத்து மணிக்கணக்கில் பேசுவார். ஆனால் பேச்சில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. கடைசியில் ஒருவர் வீட்டில் இன்னொருவர் ஒரு வாய் சாப்பிட்டுக் கையைக் கழுவினால்தான் அவர் எழுந்து வருவார். "காரணம் சொன்னா சமாதானம் ஆகாதுடா, கை நனைக்கணும்" என்பார்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. சமாதானம் ஆவது ஒன்று. சமாதானம் சொல்வது இன்னொன்று. பிந்தையது சாக்கு. ஆறு வருடத்துக்கு முன் என் மனைவி இறந்தபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் கடவுளின் சார்பில் எனக்குச் சமாதானம் சொன்னார்கள். தேவ சித்தம் என்றார்கள், நல்லவர்களை அவர் சீக்கிரம் அழைத்துக்கொள்வார் என்றார்கள். அவர் சார்பில் இத்தனை பேர் சாக்குச் சொல்லச் சொல்ல எனக்கு அவர் மேல் கோபம்தான் வளர்ந்தது. கடவுள் இல்லை என்று நான் முடிவு கட்டவில்லை. அவரோடு பேச்சு வார்த்தை வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கோயிலுக்குப் போவேன், பின்பெஞ்சில் உட்காருவேன், திருவிருந்துக்கு எல்லோரும் எழுந்து போகும்போது நான் எழுந்திருக்க மாட்டேன். அந்த வீட்டில் ஆறு வருடமாக நான் கை நனைக்கவில்லை.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்ல முடியுமா? "கார் நிகோபார் பற்றி விசாரிக்க வந்தேன்" என்றேன்.

"அங்கெல்லாம் நம்மளை விட மாட்டாங்களே" என்றார்.

தெரியும். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி நிகோபார்த் தீவுகளுக்குள் வெளியார் அனுமதிச் சீட்டு இல்லாமல் நுழைய முடியாது. சுற்றிப்பார்க்க வருகிறவனுக்கு அது கிடைப்பதும் இல்லை. கார் நிகோபார்தான் நான் தேடி வந்த உபதேசியார் குடியிருந்த தீவு. என் பயணம் எந்தத் தீவை நோக்கியதோ அந்தத் தீவுக்கு நான் போக முடியாது. அபர்டீன் பஜார்தான் என் எல்லை.

"ஆனா அவங்க இங்க வருவாங்க அண்ணாச்சி. ஆஸ்பத்திரிக்கு, காலேஜுக்கு, சாமான் வாங்க. நாளைக்குச் சாயங்காலம் வாங்க, நம்ம கேப்டன் வருவார்" என்றார். நிகோபாரில் ஊர்த்தலைவருக்குக் கேப்டன் என்றே பெயர். அந்தக் காலத்தில் வந்துபோன கப்பல்காரர்களைப் பார்த்து ஒட்டிக்கொண்ட பட்டம்.

மறுநாள் காலை பஜாரிலிருந்து கடற்கரைக்கு இறங்கினேன். படகுத்துறை அருகே அபர்டீன் போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. 1858-இல் ஆங்கிலேயர் இங்கே கைதிக் குடியேற்றம் அமைத்தபோது காடு அந்தமானியர்களுடையது. அந்த வருடம் தப்பியோடிய கைதிகளில் தூத்நாத் திவாரி என்ற சிப்பாய்க் கைதி அவர்கள் கையில் சிக்கினான். கொல்லாமல் விட்டார்கள். ஒரு வருடம் அவர்களோடு உண்டு உறங்கினான், பெண்ணும் கொடுத்தார்கள். அவர்கள் குடியேற்றத்தைத் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிவந்து ஆங்கிலேயரிடம் சொல்லிவிட்டான். 1859 மே 17 அன்று வில்லும் அம்புமாக வந்தவர்களைத் துப்பாக்கிகள் காத்திருந்து எதிர்கொண்டன. அவனுக்கு மன்னிப்புக் கிடைத்தது, விடுதலையும் கிடைத்தது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று நம் ஊரில் சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

அங்கிருந்தே ராஸ் தீவுக்குப் படகு. இப்போது அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். கால் மணிப் பயணம்தான். ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்த இடம். 1941-இன் பூகம்பமும் மறு ஆண்டு வந்த ஜப்பானியரும் அதன் கதையை முடித்துவைத்தார்கள். மேட்டில் கல் தேவாலயம் கூரையில்லாமல் நிற்கிறது. அத்தி, ஆல மரங்களின் வேர்கள் சுவரை விரல்விட்டுப் பிடித்திருக்கின்றன. பீடம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வெயில் விழுந்து கிடந்தது. மான் ஒன்று வாசல் வழியாக உள்ளே வந்து என்னைப் பார்த்துவிட்டுச் சன்னல் ஓட்டை வழியாகப் போயிற்று.

இந்தத் தீவில்தான் 1863-இல் பாதிரியார் ஹென்றி கார்பின் 'அந்தமான் இல்லம்' தொடங்கினார். அந்தமானியர்களைக் கொண்டுவந்து, சோறு போட்டு, சட்டை போட்டு, ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார்கள். காவலும் இருந்தது. பிறகு நோய்கள் வந்தன. 1877-இல் தட்டம்மை கூட்டம் கூட்டமாகக் கொண்டுபோயிற்று. ஆயிரக்கணக்கில் இருந்த பெரிய அந்தமானியர்கள் இன்று சில பத்துப் பேர். கார்பின் கெட்ட எண்ணத்தோடு வந்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விருந்தாளியாக வந்தவன் வீட்டுக்காரனைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பூட்டிய அறையில் சோறு போட்டால் அதற்குப் பெயர் சமாதானம் அல்ல. எதிர்க்கரை மேட்டில் 1906-இல் கட்டி முடித்த செல்லுலார் சிறையும் சோறு போட்டது.

படகில் திரும்பும்போது நான் சுவடு தேடி வந்த உபதேசியாரை நினைத்துக்கொண்டேன். வேதப்பன் சாலமோன். அவருக்கு முன்பும் கிறிஸ்தவம் நிகோபார்க் கரையைத் தட்டிப் பார்த்திருக்கிறது, அதுவும் நம் தரங்கம்பாடியிலிருந்து. டென்மார்க்காரர்களின் அந்தக் கோட்டையூரில் தங்கியிருந்த மொரேவியன் சகோதரர்கள் 1768-இல் நான்கௌரிக்குப் போனார்கள். காய்ச்சலில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். மொழி பிடிபடவில்லை. சபை என்று ஒன்று உருவாகாமலே 1787-இல் மிஞ்சியவர்கள் திரும்பிவிட்டார்கள். அதற்குப் பின் ஒரு நூற்றாண்டு கழிந்து, 1890-களில், ஆங்கிலிக்கன் சபையின் உபதேசியாராகப் போர்ட் பிளேரில் இருந்த சாலமோன் கார் நிகோபாரின் வடமுனையில் உள்ள முஸ் கிராமத்துக்குப் போனார். உபதேசியார், பள்ளிக்கூட வாத்தியார், அரசாங்கத்தின் ஏஜென்ட், மூன்றும் அவரே. போர்ட் பிளேருக்கும் முஸ்ஸுக்கும் நடுவே ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கடல்.

அவர் நாட்குறிப்பு எழுதினார். அதன் பகுதிகள் 1902-இல் லண்டனின் மானுடவியல் ஆய்விதழில் அச்சாயின. வீரப் பிரசங்கங்களைத் தேடிப் படித்தால் ஏமாந்துபோவீர்கள். இன்று யார் வீட்டில் சாவு, எந்த ஊரில் படகு விருந்து, எங்கே பேயோட்டும் சடங்கு என்று பக்கத்து வீட்டுக்காரன் எழுதுவதுபோல எழுதியிருக்கிறார். பேய் பயம் அன்று அந்தத் தீவில் உயிரெடுக்கும் பயம். சூனியக்காரன் என்று முடிவு கட்டிவிட்டால் அவனை ஊரே சேர்ந்து கொன்றுவிடும் வழக்கம் இருந்தது. அந்தப் பயத்தின் நடுவே ஒரு தமிழர் குடியிருந்து, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு பத்து வருடத்துக்கும் மேலாகக் காலம் தள்ளினார். 1909-இல் ரங்கூனில் இறந்தார். அவர் காலத்தில் சபையில் சேர்ந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அறிக்கை எழுதுகிறவர்கள் கணக்கில் அது தோல்வி.

அவரிடம் படித்த பையன்களில் ஒருவன் ஹாச்செவ்கா.

அன்று சாயங்காலம் கேப்டன் வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கட்டையான உடம்பு, ஒரு கண்ணில் பச்சைத் துணி, கண்புரை ஆபரேஷன் முடிந்து நாலு நாளாகியிருந்தது. டீக்கடைக்காரர் சர்க்கரை தூக்கலாக அவருக்குக் கிளாஸை நீட்டிவிட்டு, "இவர் எங்க ஊர் பாதிரி வீட்டுப் பிள்ளை" என்று என்னை அறிமுகம் செய்தார். அப்பா உபதேசியார் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தேன். உபதேசியாரைப் பாதிரியாக்கிவிட்டார், நான் திருத்தவில்லை. எங்களுக்குப் பொது மொழி இந்தி. அதுவும் அந்தமான் இந்தி, ஆண்பால் பெண்பால் கவலை இல்லாதது, ஆதலால் எனக்கும் வந்தது.

ஹாச்செவ்கா என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "பிஷப்!" என்றார். ஜான் ரிச்சர்ட்சன் என்ற பெயரில் உலகம் அறிந்தவர் அந்தப் பையன்தான். மண்டலேயில் படித்துவிட்டு 1912-இல் ஊர் திரும்பி வாத்தியாரானார். தன் மொழியில் புத்தகம் உண்டாக்கினார். புதிய ஏற்பாட்டைக் கார் நிகோபாரியில் தந்தார். பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுக்கொடுத்தவரும் அவரே என்று கேப்டன் பெருமையாகச் சொன்னார். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. ஜப்பானியர் தீவைப் பிடித்தார்கள். கடைசி வருடத்தில் உளவாளிகள் என்று சந்தேகப்பட்டு நிகோபாரிகள் பலரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ரிச்சர்ட்சன் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தார். அவருக்கும் மரணம் குறித்தாகிவிட்டது. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்ததால் உயிர் மிஞ்சியது.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் எனக்கு விளங்காத இடம். போருக்கு முன் அந்தத் தீவில் கிறிஸ்தவர்கள் சில நூறு பேர். போர் முடிந்த சில வருடங்களில் ஏறக்குறைய தீவு முழுவதும் கிறிஸ்தவம். 1950-இல் ரிச்சர்ட்சன் பிஷப் ஆனார். 1952-இல் முதல் மக்களவைக்கு இந்தத் தீவுகளின் நியமன உறுப்பினராக டெல்லி போனார். பத்மஸ்ரீ, பத்மபூஷண் எல்லாம் வந்தன. 1978-இல் காலமானார். கடவுள் காப்பாற்றாத காலத்துக்குப் பிறகு ஒரு ஜனமே கடவுளிடம் போனது எப்படி?

அதைக் கேட்டேன். கேப்டன் டீயை ஆற்றிக்கொண்டே, "எல்லாரையும் அடிச்சாங்க. அவரையும் அடிச்சாங்க. எல்லார் வீட்டிலும் செத்தாங்க, அவர் வீட்டிலும் செத்தாங்க. அவர் தப்பிச்சு ஓடிப் போகலை. அவர் சொன்ன சாமியும் அடிபட்டுச் செத்தவர்தானே? எங்க பெரியவங்களுக்கு அது போதுமா இருந்தது" என்றார்.

அடுத்த கேள்வியைக் கேட்கலாமா என்று தயங்கினேன். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் கிறிஸ்துமஸ். ஊர் ஊராகப் பாட்டு, பன்றி விருந்து. காலை ஆறரை மணிக்குப் பூமி ஆடியது, கொஞ்ச நேரத்தில் கடல் வந்தது. கார் நிகோபாரின் கரையோர ஊர்கள் துடைத்துவிட்டாற்போல் போயின.

"எங்க துஹேத்தில் பாதிப் பேர்" என்றார். துஹேத் என்பது அவர்களின் கூட்டுக் குடும்பம். தென்னந்தோப்பும் பன்றியும் படகும் துஹேத்துக்குத்தான் சொந்தம், தனியாளுக்கு அல்ல. "நான் உள்பக்கம் ஓடினேன். என் அம்மாவால் ஓட முடியலை."

கடைசியில் கேட்டேவிட்டேன். எனக்குத் தெரிந்த இந்தியில், "ஷாந்தி கிடைத்ததா?"

அவர் தலையை ஆட்டினார். "ஷாந்தி இல்லை. ஷாந்தியை நான் நம்ப மாட்டேன். முந்தின சாயங்காலம் கடல் ரொம்ப ஷாந்தியாத்தான் இருந்தது." கிளாஸைக் கீழே வைத்தார். "எங்க இந்தி வேதத்தில் பரமேஷ்வரோடு 'மேல்'னு இருக்கும். மேல். மூணு மாசம் முகாமில் நான் வாயைத் திறந்து பாடலை. அவரோட சண்டை. பாட்டு நடக்கும், நான் வெளியே உட்கார்ந்திருப்பேன். யாரும் என்னைக் கூப்பிடலை, யாரும் எனக்குக் காரணமும் சொல்லலை. சாப்பாடு மட்டும் கொண்டுவந்து பக்கத்தில் வச்சுட்டுப் போவாங்க. ஒருநாள் எழுந்து உள்ளே போய்ச் சாப்பிட்டேன். மேல் ஆயிடுச்சு."

"ஏன் இப்படிச் செய்தார் என்று தெரிந்ததா?"

"இன்னும் தெரியாது" என்றார், கடைக்காரரிடம் இன்னொரு டீக்குக் கைகாட்டியபடி.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத் தொடக்கத்தில் தமிழில் 'சமாதானம்' என்றிருக்கும் இடத்தில் இந்தியில் 'மேல்' நிற்கிறது. சேர்க்கை, ஒட்டு, உறவு. என் காதில் மேல் என்றால் உயரம். கடவுளை நான் எப்போதும் அந்த மேலில்தான் வைத்திருந்தேன், அண்ணாந்து பார்த்துக் கோபப்படுவதற்கு வசதியாக. பிறகு என் அம்மாவின் பேச்சில் இருந்த மேல் நினைவுக்கு வந்தது. "மேலுக்கு முடியல," "மேலெல்லாம் வலிக்கு" என்பாள். எங்கள் ஊரில் மேல் என்றால் உடம்பு. மேலே இருந்தவர் மேலெல்லாம் வலிக்கிற ஒரு மேலை எடுத்துக்கொண்டு வந்து மேல் ஆனார். மூன்று சொல், மூன்று மொழி வழக்கு. கிறிஸ்தவன் நம்புவது மொத்தமும் இதற்குள் அடங்கிவிடுகிறது. அப்பா உயிரோடிருந்தால் இதை வைத்து ஒரு பிரசங்கமே செய்திருப்பார். நடுவில் மறந்தும் போயிருப்பார்.

ஞாயிறு காலை பஜார் இன்னும் கதவு திறக்கவில்லை. மணிக்கூண்டைத் தாண்டி நடந்து சி.என்.ஐ. என்கிற வட இந்தியத் திருச்சபையின் கோயில் ஒன்றுக்குப் போனேன். ஆராதனை இந்தியில். பெஞ்சுகளில் இந்தத் தீவுகளின் சரித்திரம் உட்கார்ந்திருந்தது. 1918 முதல் காட்டு வேலைக்கு வந்த ராஞ்சி ஆதிவாசிகளின் பேரப்பிள்ளைகள், 1925-இல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர் பக்கம் வெபியில் குடியேறிய கரேன்களின் சாயலில் ஒரு குடும்பம், கல்லூரியில் படிக்கும் நிகோபாரிப் பிள்ளைகள், புடவைத் தலைப்பை முக்காடிட்ட இரண்டு தமிழ்ப் பெண்கள். பாட்டு தொடங்கியதும் நிகோபாரிப் பிள்ளைகள் நாலு குரலாகப் பிரிந்து பாடினார்கள். யாரும் கையசைத்து நடத்தவில்லை. ராஸ் தீவின் கல் கோயிலுக்கு இல்லாத கூரை இங்கே இருந்தது.

கேப்டன் மூன்றாம் பெஞ்சில் இருந்தார். பச்சைத் துணியோடு திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இடம் காட்டினார். நான் பின்பெஞ்சிலேயே இருந்துகொண்டேன். பழக்கம்.

திருவிருந்து வந்தது. வரிசை வரிசையாக எழுந்து போனார்கள். என் பெஞ்சும் எழுந்தது. நான் முழங்காலைச் சுருக்கி வழிவிட்டேன், ஆறு வருடமாகச் செய்வதுபோலவே. கேப்டன் கிராதியின் முன் மெதுவாக முழங்கால் போட்டார். குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பார் போலும். தலையை நிமிர்த்தியே வைத்திருந்தார். அவருக்கு வலப்பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. என்னைப் பார்க்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை.

என் மனைவி ஏன் போனாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே எழுந்தேன். நடுவழியில் நடந்துபோய் அந்த இடத்தில் முழங்கால் போட்டேன். குருவானவர் ஊர் பெயர் எதுவும் கேட்காமல் அப்பத்தைக் கையில் வைத்தார். திராட்சரசம் கொஞ்சம் புளிப்பு.

வெளியே வந்ததும் முற்றத்துக் குழாயடியில் கேப்டன் கையலம்பிக்கொண்டிருந்தார். எதிரே டீயும் பன்னும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் நகர்ந்து எனக்குக் குழாயை விட்டார். நானும் கையை நனைத்தேன்.